நவம்பரில் திருமலையிலிருந்து வெளிக்கிட்டால்: நீண்ட மலிவுப் பயணத்தின் கணக்கு

கேள்வி இது: திருமலைக்கு (திருகோணமலைக்கு) அருகே நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் தம்பி ஒருவர், சீசன் முடிந்ததும் நவம்பரில் வெளிக்கிட்டு ஐந்து மாதம் ஆசியாவைச் சுற்றப் போகிறார். கையில் 12 இலட்சம் ரூபாய். பட்டியலில் இந்தியா, நேபாளம், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று ஒன்பது நாடுகள். இப்படி நீண்ட பயணம் போய் வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்போது எதை மாற்றிச் செய்திருப்பார்கள் என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் மாற்றவேண்டியது அந்த ஒன்பதை. மலிவுப் பயணத்தில் காசு சாப்பாட்டிலும் கட்டிலிலும் கரைவதாகத்தான் போகும்வரை எல்லாரும் நினைப்பது. உண்மையில் அது கரைவது இடம் மாறுவதில். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் நாளில் பஸ் காசு மட்டும் செலவாவதில்லை. விடுதியிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஓட்டோ, இறங்கிய இடத்திலிருந்து அடுத்த விடுதிக்கு இன்னொன்று, பஸ் நிற்பாட்டும் கடையில் இரட்டை விலைச் சாப்பாடு, இருட்டில் போய் இறங்கியதால் விலை பேச முடியாமல் எடுத்த அறை, இவை எல்லாம் சேரும். குறைவாகப் பார்த்தாலும் ஒரு நகர்வுக்கு 12 டொலர் மேலதிகம் என்று வையுங்கள். 150 நாளில் இரண்டரை நாளுக்கு ஒருமுறை இடம் மாறினால் 60 நகர்வு. ஆறு நாளுக்கு ஒருமுறை மாறினால் 25. வித்தியாசம் 35 நகர்வு, 420 டொலர். நாளுக்கு 20 டொலரில் வாழும் ஒருவருக்கு அது 21 நாள். ஒரே இடத்தில் ஒரு கிழமை தங்கினால் அறை வாடகையிலும் குறைத்துக் கேட்கலாம். எந்தக் கடையில் ஊர்க்காரர் சாப்பிடுகிறார்கள் என்று மூன்றாம் நாளில்தான் கண்ணுக்குப் படும்.

இனி உங்கள் 12 இலட்சம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 4,000 டொலர். அதில் 600 டொலரைத் தொடவே கூடாது. திடீரென வீட்டுக்குப் பறக்கவேண்டி வந்தாலோ ஆஸ்பத்திரியில் முற்பணம் கேட்டாலோ அதுதான் கை கொடுக்கும். விமானங்கள், விசாக்கள், காப்புறுதி ஆகியவற்றுக்கு 900 ஒதுக்குங்கள். மிஞ்சுவது 2,500. 150 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 16 டொலர் சொச்சம். இந்தியாவில் அது போதும், தாய்லாந்திலும் மலேசியாவிலும் போதாது. 120 நாளுக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட 21 டொலர். அதில் நிம்மதியாகச் சுற்றலாம். ஆகவே என் ஆலோசனை நான்கு மாதம், ஐந்து நாடு, கடைசியில் வெளியேறும் வாசலாகச் சிங்கப்பூர். சராசரியாக இந்தியாவில் 14, நேபாளத்தில் 18, வியட்நாமில் 20, தாய்லாந்திலும் மலேசியாவிலும் 22 டொலர் என்று போட்டுக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய நிற்கும்.

நவம்பரில் வெளிக்கிடுவது மிக நல்ல முடிவு. திருமலையில் வாடைக்காற்று தொடங்கிக் கடல் குழம்பி, புறாமலைத் தீவுக்கு வள்ளம் போகாத அந்த மாதங்களில்தான் தென்கிழக்காசியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் மழை விடுகிறது. நேபாளத்தில் ஒக்டோபர், நவம்பர் இரண்டும் மலை தெளிவாகத் தெரியும் மாதங்கள். எங்கள் ஊரின் வேலையில்லாக் காலமும் அங்கத்தைய நல்ல காலமும் இவ்வளவு பொருந்துவது திருமலைக்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆனால் வரிசையைப் பிழையாகப் போட்டால் இந்த வாய்ப்பு வீணாகும். வட இந்தியாவை டிசம்பர் பிற்பகுதிக்கும் ஜனவரிக்கும் வைத்தால் மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதிக்கும். தாய்லாந்தின் வடக்கைப் பெப்ரவரி கடைசிக்குத் தள்ளினால் வயல், காடு எரிக்கும் புகையில் சியாங் மாயின் மலையே தெரியாது; அது ஏப்ரல் வரை நீளும். நடு வியட்நாமை நவம்பரில் வைத்தால் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம். ஆகவே நவம்பரில் இந்தியாவும் நேபாளமும், டிசம்பரில் தாய்லாந்து, ஜனவரியில் வியட்நாம், பெப்ரவரியில் மலேசியா, மாதக் கடைசியில் சிங்கப்பூர் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையம். வியட்நாமின் புத்தாண்டான தெத், சந்திர நாட்காட்டிப்படி ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வரும். அந்தக் கிழமையில் ரயில், பஸ் எல்லாம் நிரம்பிவிடும், கடைகள் பூட்டிவிடும், விலை ஏறும். அந்த வருடத் திகதியைப் பார்த்து அதற்கு முன்னரே வெளியேறுங்கள்.

ஏன் கம்போடியாவையும் லாவோஸையும் வெட்டினேன் என்று கேட்பீர்கள். தாய்லாந்து–கம்போடியா தரைவழி எல்லை 2025 மே கடைசியில் தொடங்கிய மோதலோடு ஜூனில் மூடப்பட்டது. பாங்கொக்கில் ரயில் ஏறி அரண்யப்பிரதேத்தில் இறங்கி நடந்து கடக்கும் பழைய மலிவு வழியை நம்பித் திட்டம் போட்டவர்கள் விமானம் பிடிக்கவேண்டி வந்தது. மியான்மார் ஊடாகத் தரைவழியாக இந்தியாவிலிருந்து தாய்லாந்துக்குப் போகும் கனவும் 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சியோடு முடிந்துவிட்டது. லாவோஸ் நல்ல நாடு, வியெஞ்சானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு 2021 டிசம்பரில் திறந்த ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் எங்கள் கடவுச்சீட்டோடு எல்லைக்குப் போய்ப் பார்ப்போம் என்று போகக்கூடிய நாடாக அதை நினைக்கவேண்டாம். விசா முன்கூட்டியே கையில் இருந்தால் மட்டும் சேருங்கள்.

இந்தக் கடவுச்சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மலிவுப் பயணம் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி ஐரோப்பியர் தங்கள் கடவுச்சீட்டை வைத்து எழுதியது. அதை நம்பி எங்கள் பிள்ளைகள் எல்லையில் திரும்பி நிற்பது கவலையான விஷயம். எங்களுக்கு உள்ள நிலை வேறு. சிங்கப்பூர் 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது. நேபாளம், இலங்கையும் சேர்ந்த தெற்காசிய அமைப்பான சார்க் நாட்டவருக்கு ஒரு நாட்காட்டி வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் இலவச விசாவை எல்லையிலேயே கொடுக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் 93 நாடுகளுக்கு 60 நாள் அனுமதியைத் திறந்தபோது இலங்கையும் அதில் இருந்தது. இது அரசாங்கம் நினைத்தால் மாற்றும் சலுகை என்பதால் ரிக்கற் வாங்க முதல் தூதரகத்தின் பக்கத்தில் ஒருக்காப் பாருங்கள். வியட்நாம் 2023 ஓகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான ஈ-விசா கொடுக்கிறது. ஒருமுறை நுழைய 25 டொலர். இதைவிடக் கூடக் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. மலேசியாவுக்கு ஈ-விசா முன்கூட்டியே எடுக்கவேண்டும். இந்தியாவுக்கு ஈ-சுற்றுலா விசா உண்டு, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது.

பொறி என்னவென்றால், விசா நாட்டுக்கு மட்டும் செல்லுபடியானால் போதாது, நீங்கள் நுழையும் வாசலுக்கும் செல்லுபடியாக வேண்டும். இந்திய ஈ-விசாவில் பட்டியலிலுள்ள வாசல்களால் மட்டும் நுழையலாம். அவற்றில் பெரும்பாலானவை விமான நிலையங்கள். வெளியேறுவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே சென்னையில் இறங்கி, சுனௌலி எல்லையால் நேபாளத்துக்குள் நடந்து போவதில் பிரச்சினை இல்லை. அதே வழியால் திரும்பி இந்தியாவுக்குள் வரலாம் என்று கொல்கத்தாவிலிருந்து விமானம் பதிந்து வைத்தால் மாட்டுவீர்கள். அதனால்தான் காத்மாண்டுவிலிருந்து நேரே பாங்கொக்குக்குப் பறக்கச் சொல்கிறேன். வியட்நாம் ஈ-விசாவிலும் நுழையும் வாசலைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள். ஹனோய் நொய் பாய் விமான நிலையம் என்று போட்டுவிட்டு வேறிடத்தில் போய் இறங்கவேண்டாம். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலில் இந்தியா போக ஆசைப்படுவோர் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும்: கையிலுள்ள விசா நாகபட்டினம் துறைமுகத்துக்குச் செல்லுமா, அந்தக் கிழமையில் கப்பல் ஓடுகிறதா. 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை வாடைக்காலத்தில் நிறுத்தப்படுவது வழக்கம், உங்கள் நவம்பர் அதற்குள் விழுகிறது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு. கட்டுநாயக்கவில் இருந்து வரும் விலையோடு ஒப்பிட்டு, திருமலையிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆனால் கடவுச்சீட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. பலருக்குத் தகப்பன் பெயர் அதில் ஏறியிருக்கும். சிலருக்கு எல்லாப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். ரிக்கற் பதிவில் சொந்தப் பெயரை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று குழம்பி, விசாவில் ஒரு மாதிரியும் ரிக்கற்றில் ஒரு மாதிரியும் வந்துவிட்டால் விமான நிலையத்திலேயே மறிப்பார்கள். படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். மேல் வரியில், நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு இரட்டை அம்புக்குறிக்கு முன் வருவது குடும்பப் பெயர், அதற்குப் பின் வருவது மற்றப் பெயர்கள். எல்லா இடத்திலும் அந்த வரியையே பாருங்கள். அந்த வரியில் பெயருக்கு 39 எழுத்து இடம்தான் உண்டு. எங்கள் நீண்ட பெயர்கள் அங்கே வெட்டுப்படும். வெட்டுப்பட்டிருந்தால் விசாப் படிவத்தில் முழுப் பெயரைப் போடுவதா என்று படிவத்தின் குறிப்பைப் பார்த்து, அந்தப் படியையே ரிக்கற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போகத் தேவையில்லை, வவுனியாப் பிராந்திய அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம்.

கட்டுநாயக்கவில் கேள்வி கேட்பார்கள், அதற்குக் கோபப்படவேண்டாம். சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குப் போன இலங்கை இளைஞர்கள் மியான்மாரின் மியாவாடிப் பக்கம் உள்ள இணைய மோசடி முகாம்களுக்குக் கடத்தப்பட்டு, அரசாங்கம் தலையிட்டு மீட்கவேண்டி வந்தது. தனியாகப் போகும் இளவயதினரை அதனால்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். அடுத்த நாட்டுக்கான விமானப் பதிவு, முதல் மூன்று இரவுக்கான விடுதிப் பதிவு, வங்கிக் கணக்குக் கூற்று, வேலை செய்யும் விடுதியின் விடுமுறைக் கடிதம் ஆகியவற்றைக் கடதாசியில் எடுத்து ஒரு உறையில் வையுங்கள். போன் பற்றரி செத்தாலும் கடதாசி பேசும். தாய்லாந்தில் இறங்கும்போது 10,000 முதல் 20,000 பாட்டுக்குச் சமமான பணம் காட்டச் சொல்லவும் கூடும். வழியில் யாராவது ‘டேட்டா என்ட்ரி வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், எல்லைப் பக்கம் வா’ என்று சொன்னால் பதில்கூடப் போடாதீர்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. மூன்றும் இலவசம், மூன்றையும் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும்.

இனிக் காசு. இரண்டு வங்கியின் இரண்டு அட்டை, இரண்டு வெவ்வேறு இடத்தில். போக முதல் வங்கிக்குப் போய் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லுங்கள்; பல அட்டைகளில் அது பூட்டியே இருக்கும். அதைவிட முக்கியமானது இலங்கைச் சிம். வங்கியின் ஒருமுறைக் கடவுஎண் (ஓ.ரி.பி.) அந்தச் சிம்முக்குத்தான் வரும். ரோமிங்கை இங்கேயே திறந்து, எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று முதல் நாட்டில் இறங்கியதும் பாருங்கள். நான்கு மாதம் ரீலோட் போடாமல் விட்டால் சிம் செத்துப்போகும், வீட்டில் ஒருவரிடம் மாதம் ஒருமுறை போடச் சொல்லி வையுங்கள். வெளியே போனபின் இதைச் சரிசெய்வது மிகக் கஷ்டம். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டையால் ஏ.ரி.எம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அங்குள்ள வங்கி 220 பாட் அல்லது அதற்கு மேல் அறவிடும். 2,000 பாட் எடுத்தால் அது பத்தில் ஒன்றுக்கு மேல், 15,000 எடுத்தால் நூற்றுக்கு ஒன்றரை. ஆகவே குறைந்த தடவையில் கூடுதலாக எடுங்கள். ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். அந்த மாற்று வீதம் எப்போதும் நட்டம். கையில் வைக்கும் டொலர் மடிப்பு, கிழிசல், பேனைக் கோடு இல்லாத தாளாக இருக்கட்டும். வியட்நாமில் 20,000 டொங்கும் 500,000 டொங்கும் இரண்டும் நீலச் சாயல். இரவில் ரக்சிக்காரருக்குக் கொடுக்கும்போது சைபரை எண்ணிக் கொடுங்கள், இல்லாவிட்டால் 25 மடங்கு கொடுத்துவிடுவீர்கள். ஐநூறாயிரத்தை வேறு பையில் வைப்பதுதான் பாதுகாப்பு.

இந்தியாவில் எங்கள் கடவுச்சீட்டு காசு மிச்சம் பிடிக்கும் இடங்கள் உண்டு, பலர் அதைத் தெரியாமல் விடுகிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கீழுள்ள பெரும்பாலான சின்னங்களில் சார்க் நாட்டவருக்கும் வங்காள விரிகுடா நாடுகளின் அமைப்பான பிம்ஸ்டெக் நாட்டவருக்கும் இந்தியருக்கான கட்டணமே. மேற்கத்தையவர் 600 ரூபாய் கொடுக்கும் இடத்தில் நீங்கள் கொடுப்பது 40 அளவில்தான். தாஜ்மஹாலில் வெளிநாட்டவர் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதி. இணையத்தில் அவசரப்பட்டு ‘வெளிநாட்டவர்’ என்று வாங்காமல் கடவுச்சீட்டின் மூலப்பிரதியோடு கவுண்டருக்குப் போங்கள். நேபாளத்தில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு மற்றவர்கள் 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவர் 1,000.

இந்திய ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. தட்கல் எனப்படும் கடைசிநேரப் பதிவு, ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும் சிலீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். ஆர்.ஏ.சி. (யாராவது இரத்துச் செய்தால் முழுப் படுக்கை கிடைக்கும் இருக்கை) என்று வந்தால் ஏறலாம், பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இருவர் பகிர்ந்து இருக்கவேண்டும். காத்திருப்புப் பட்டியலில் நின்றுவிட்ட இணைய ரிக்கற் தானாகவே இரத்தாகிவிடும், அதோடு ஏறவேண்டாம். பெரிய நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. சென்னையிலிருந்து டில்லிக்கு 2,180 கிலோமீற்றர் அளவு, ஒன்றரை நாள் பிரயாணம். ஆறுதலாகப் போனால் டில்லியிலிருந்து வாரணாசிக்கு வந்து, அங்கிருந்து கோரக்பூர், பிறகு சுனௌலி. வாரணாசியில் அனுமான் கட்டத்துப் பக்கம் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன, இட்லியும் கிடைக்கும். விடுதி எடுக்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் பதியவேண்டும். பல மலிவு லொட்ஜுகள் அதைச் செய்வதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அறை தருவார்கள், ஆதார் எனும் இந்திய அடையாள அட்டை கேட்டுக் கடவுச்சீட்டைக் கண்டதும் மறுப்பார்கள். இரவு பத்து மணிக்கு அப்படி நிற்காமல் இருக்க, பகலிலேயே போன் போட்டு ‘இலங்கைக் கடவுச்சீட்டு, பதிவீர்களா’ என்று கேளுங்கள்.

நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் மலையேற்றத்துக்கு வழிகாட்டி வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் செலவைக் கணக்கில் போடுங்கள், இன்னும் இருவரோடு பகிர்ந்தால் தாங்கும். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் முதல்முறை போவதற்குப் பூன் ஹில் போதுமானது. உச்சி 3,210 மீற்றர், இரவு தங்கும் கோரேபானி 2,860 மீற்றர் அளவு, நாலைந்து நாள். 3,000 மீற்றருக்கு மேலே போகும் பாதையானால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. தலையிடியோடு வாந்தி உணர்வும் வந்தால் அன்று மேலே ஏறவேண்டாம். கூடினால் இரவென்றும் பாராமல் கீழே இறங்கவேண்டும். கம்பளிச் சட்டை இங்கே வாங்காதீர்கள். காத்மாண்டுவில் பாவித்ததை மலிவாக வாங்கி, ஜனவரி ஹனோய் குளிருக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கே 10–15 பாகை வரை இறங்கும்.

வியட்நாமில் ஹனோயிலிருந்து சைகோனுக்கு (ஹோ சி மின் நகரத்துக்கு) ரயில் பாதை 1,726 கிலோமீற்றர். ஒரே மூச்சில் போகாமல் மூன்று துண்டாக வெட்டுங்கள். ஆறு படுக்கை அறையில் ஆக மேல் படுக்கைதான் மலிவு; நிமிர்ந்து இருக்க முடியாது, ஆனால் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கலாம். ஹுவேயிலிருந்து தா நாங் வரையான மூன்று மணி நேரத்தைப் பகலில் வைத்து, தெற்கே போகும்போது இடப்பக்கம் இருங்கள். ஹாய் வான் மலையைக் கடலோரமாகச் சுற்றி ரயில் ஏறும் அந்தத் துண்டுக்கு ஈடாக ஆசியாவிலேயே அதிகமில்லை என்பது என் எண்ணம்.

மோட்டார் சைக்கிள் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நிலாவெளி வீதியில் ஓட்டிப் பழகிய கை என்று துணிவு வரும். தாய்லாந்து, வியட்நாம் இரண்டிலும் வீதியின் விதியும் சரளைக்கல் வளைவும் வேறு, வியட்நாமில் வலப்பக்கம் ஓட்டவேண்டும். உரிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் விழுந்தால் காப்புறுதி ஒரு சதமும் கொடுக்காது. சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்தாலும் வியட்நாம் 1968 வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வருவதையே ஏற்கிறது. அட்டையில் 1949 என்று இருந்தால் அங்கே அது வெறும் கடதாசி. வாடகைக்கு எடுப்பவர் கடவுச்சீட்டை அடகு கேட்டால் கொடுக்காதீர்கள், காசு முற்பணம் கொடுங்கள், வண்டியின் கீறல்களை வீடியோ எடுத்து வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் இருசக்கர வாகனம், கடலடி நீச்சல், 3,000 மீற்றருக்கு மேலான மலையேற்றம் மூன்றும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்க முதல் தேடிப் பாருங்கள்.

பைக்கு 40 லீற்றர், நிரப்பியபின் 7 கிலோ. மலிவு விமானங்கள் கைப்பைக்கு விடும் அளவு பொதுவாக அதுதான். கூடினால் வாசலில் கட்டும் காசு ரிக்கற் விலைக்கு அருகில் வரும். வீட்டில் மதிப்பாகச் சொல்லாமல் கடைத் தராசில் நிறுங்கள். உடுப்பு நாலு மாற்று, துவைத்துத் துவைத்துப் போடலாம். ஜீன்ஸ் வேண்டாம், காய இரண்டு நாள் எடுக்கும். எங்கள் சாரம் ஒன்று கட்டாயம் வையுங்கள்: பொதுக் குளியலறைக்கு, இரவு பஸ்ஸின் ஏ.சி. குளிருக்கு, விடுதியில் கீழ்க் கட்டிலின் திரைக்கு, முழங்கால் மூடச் சொல்லும் விகாரைக்கு, துவாய் காயாத நாளில் துடைக்க. சப்பாத்து ஒன்று காலில், செருப்பு ஒன்று பையில். பவர் பாங்க் கைப்பையில் மட்டும்தான் போகும், 100 வாட்-மணிக்குள் இருக்கவேண்டும். அதாவது சுமார் 27,000 மில்லிஅம்பியர் மணி. எங்கள் சதுரக் கால் பிளக் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொருந்தும், தாய்லாந்திலும் வியட்நாமிலும் பொருந்தாது. இரட்டை முனை மாற்றி ஒன்று போதும்.

மரக்கறிக்காரருக்கு இரண்டு சொல். தாய்லாந்தில் ‘ஜே’ என்றால் இறைச்சி, மீன் சாறு, முட்டை, உள்ளி எதுவும் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதியிருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். வியட்நாமில் ‘சாய்’ என்று கேளுங்கள். சந்திர மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களில் சாய்க் கடைகள் நிரம்பும். வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் வரும்போது நினைவில் வைக்க: பாங்கொக் சீலோம் வீதியிலும் சைகோன் நடுவிலும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, பினாங்கு ஜோர்ஜ் டவுனில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தமிழே போதும். பெப்ரவரியை அங்கே ஆறுதலாகக் கழிக்கலாம். சிங்கப்பூரில் ஒரு நாள் செலவு மற்ற இடத்தில் இரண்டு நாள். ஜொகூர் பாருவில் படுத்து, காலையில் பாலம் கடந்து, சுற்றிப் பார்த்துவிட்டு இரவு விமானம் ஏறுங்கள்.

இரவுப் பயணம் ஒரு கட்டில் காசை மிச்சம் பிடிக்கும் என்பது பாதி உண்மை. விடிய ஐந்து மணிக்கு இறங்கினால் அறை கிடைப்பது மதியத்துக்குப் பிறகு. தொடர்ந்து இரண்டு இரவு பஸ்ஸில் படுத்தவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வருவது வழக்கம். ஓர் இரவுப் பயணத்துக்குப் பின் குறைந்தது மூன்று இரவு கட்டிலில் படுக்கவேண்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) நாலு பக்கற் பையில் இருக்கட்டும். முடிந்துவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரத்தம் கலந்து போனாலோ காய்ச்சலோடு போனாலோ கடையில் மருந்து வாங்கி நிற்பாட்டப் பார்க்காமல் வைத்தியரிடம் போங்கள். நாயோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அதே நாளில் முதல் ஊசி. அடுத்த ஊருக்குப் போய்ப் போடலாம் என்று பஸ் ஏறக்கூடாது.

திரும்பி வந்தபின் பயணத்தைச் சரியாகப் பார்க்க உதவுவது படங்களைவிடக் கணக்குக் கொப்பி. ஒவ்வொரு இரவும் ஐந்து நிரல்: படுக்கை, சாப்பாடு, ஊருக்குள் போக்குவரத்து, ஊர்விட்டு ஊர், மற்றவை. ஞாயிற்றுக்கிழமை கூட்டுங்கள். நாலாம் நிரல் இரண்டாம் நிரலைத் தாண்டிய கிழமையில் நீங்கள் ஓடியிருக்கிறீர்கள், அடுத்த கிழமை ஒரே ஊரில் இருங்கள். இது பயணத்தின் நடுவிலேயே திருத்தம் செய்ய வழி தரும். முடிந்தபின் வருந்துவதால் ஒரு நாள்கூடத் திரும்பி வராது. கொப்பியின் பின் பக்கத்தில் ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி முடியும் திகதியைப் பெரிதாக எழுதுங்கள். தாய்லாந்தில் ஒரு நாள் கூடத் தங்கினால் 500 பாட் அபராதம், அது 20,000 வரை ஏறும்.

கடைசியாக, இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனாலேயே இங்குள்ள வைத்தியர்களுக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். நீங்கள் போகும் நாடுகளில் சிலவற்றின் காட்டுப் பகுதிகளில் மலேரியா இன்னும் இருக்கிறது. போக முதல் மலேரியாத் தடுப்பு இயக்கத்தினரிடம் பாதையைக் காட்டினால் தேவையான தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருவார்கள். வந்தபின் ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், திருமலை ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னவுடனே ‘நான் இன்ன இன்ன நாட்டில் இருந்தேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்’ என்று நீங்களே சொல்லுங்கள்.